வெள்ளைக்கண் பெஞ்சு

ஊத்துக்கரட்டுக் கண்ணாஸ்பத்திரியில் கெட்டுப்போன கருவிழியை வெட்டியெடுத்துத் தட்டில் வைத்தால், அதன் ஈரம் காய்வதற்குள் அது தட்டைவிட்டு எழும்பி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து வெளியே போய், முறம் அளவுக்கு விரிந்து மேகமாகி, அந்தக் கண் எதனால் போனதோ அதன் தலைக்கு நேரே போய் நின்றுகொள்ளும். நாற்பது வருடமாக இப்படித்தான். முதல் மேகம் எழும்பியபோது, நாகர்கோவிலிலிருந்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த டாக்டர் சுகிர்தம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ஜன்னலை அடைக்காண்டாம், அது போற வழிக்குப் போகட்டு" என்று நர்சிடம் சொன்னதாகவும், சொல்லிவிட்டுப் புதுக் கருவிழிக்குத் தையல் போடக் குனிந்ததாகவும் சொல்வார்கள். அவ்வளவுதான் அங்கே ஆச்சரியப்பட்டது.

அந்தக் காலத்தில் மேகங்களெல்லாம் குடிசைமேல்தான் நின்றன, அதுவும் அடுப்படிக்கு நேரே, ஏனென்றால் அன்றைக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்ததெல்லாம் கீரையும் பாலும் காணாமல் கஞ்சித் தண்ணீரில் வளர்ந்து, அம்மை வந்து, கண் வெந்துபோன பிள்ளைகள். மேகம் நின்ற வீட்டுப் பெண்கள் வெட்கத்தில் செத்தார்கள். விளக்குமாற்றால் விரட்டினார்கள், வேப்பிலைப் புகை போட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஒருநாள் அந்தப் பெண்களுக்கே வெட்கம் அலுத்துப்போனது. பதினேழு பேர் சேர்ந்து போய்த் தாசில்தாரின் ஜீப்பை மறித்து, அவரை இறக்கி, தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய், "நல்லாப் பாருங்க சாமி, இது எங்கூட்டு மேகமில்லீங், நீங்க அரிசி போடாத மேகமுங்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அதற்கப்புறம் பால்வாடி வந்தது, சத்துணவு வந்தது, பிள்ளைகளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு மருந்தும் அம்மைக்கு ஊசியும் வந்தன. மேகங்கள் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிபோல மெலிந்து ஒரு வருடம் இல்லாமலே போயின. காரணம் தீர்ந்தால் மேகம் கரையும் என்று ஊர் அப்போது தெரிந்துகொண்டது.

பிறகு மேகங்கள் காட்டுப்பக்கம் போயின. நெல் சுணை குத்திய கண், கரும்புச் சோகை அறுத்த கண் என்று வயலுக்கு வயல் ஒன்று நின்றது. செம்மலை என்பவர் கண்ணை அவருடைய மயிலைக்காளை வால் வீசிக் கெடுத்துவிட்டது. அவருடைய மேகம் வயலில் நிற்காமல் காளையின் தலைக்குமேல் நின்று, அது உழப்போனால் உழவுக்கும் சந்தைக்குப் போனால் சந்தைக்கும் கூடவே போனது. பதினோரு வருடம் அந்தக் காளை வெயில் படாமல் வாழ்ந்து, கர்வம் பிடித்து, மற்ற மாடுகளோடு ஒரு தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுத்தது. மேகம் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை, காரணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு ஊரில் இன்றைக்கும் அந்தக் காளையைத்தான் சாட்சி சொல்வார்கள்.

அதற்கும் பிறகு, புரை நீக்கி உள்ளே லென்ஸ் வைத்த கண்களில் சில நாலைந்து வருடத்தில் வீங்கி நீர் கோத்துக்கொண்டன. அவற்றின் கருவிழியை எடுத்தபோது மேகங்கள் ஜன்னலுக்கு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்கே திரும்பி வந்தன. ஒன்று, நாலு, பதின்மூன்று. கம்பவுண்டர் பயந்துபோய் மாடியில் தகரக்கொட்டகை போட்டு மறைத்துவிடலாம் என்றார். "நம்ம கை செஞ்சது நம்ம மாடியிலதான் நிக்கணும். ஊரெல்லாம் பாக்கட்டு" என்றார் சுகிர்தம். தினமும் காலையில் மாடியேறி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கத்தியைத் தொடுவார். லென்ஸை மாற்றினார், வைக்கும் விதத்தை மாற்றினார், தெரியாததைப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். பதின்மூன்றும் கரைய ஒன்பது வருடம் ஆயிற்று.

இப்போதெல்லாம் காரணங்கள் வேறு. வம்சத்திலேயே கருவிழியின் உள்பக்கத் தோல் நோஞ்சானாக வருகிறவர்களுக்கு அந்த உள்தோலை மட்டும் மாற்றுகிறார்கள். அந்த மேகம் கைக்குட்டை அளவுகூட இருக்காது, எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்து பூட்டன் போட்டோவுக்குமேல் நின்றுகொள்ளும். கண்ணைக் கசக்கிக் கசக்கியே கருவிழியைக் கூம்பாக்கிக்கொண்ட காலேஜ் பையன் ஒருவனுடைய மேகம் அவன் வலதுகை முஷ்டியை விட்டு நகரவில்லை. கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒளித்தான், மேகம் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

இத்தனை மேகம் பார்த்த ஊரில் ஒரு மேகம்கூட நிற்காத இடம் ஒன்று உண்டென்றால் அது கரட்டடிக் கல் கிரஷர். நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்யும் இடம், காலையிலிருந்து பொழுதிறங்கும் வரை சல்லி தெறிக்கும் இடம், ஆனால் மேலே வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வருவார், அண்ணாந்து பார்ப்பார், "சுத்தமா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போவார். அண்ணாந்து பார்த்தவர் நேரே பார்த்திருந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சு கண்ணில் பட்டிருக்கும். அதில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நாலு பேருக்கும் ஒரு கண் வெள்ளை. ஒருவர் கேட்டைத் திறப்பார், ஒருவர் டோக்கன் கொடுப்பார், ஒருத்தி தண்ணீர் ஊற்றுவாள், இன்னொருத்திக்கு உட்கார்ந்திருப்பதே வேலை. சாகும்வரை நிழலில் உட்கார்ந்த வேலை உண்டு, ஆனால் கண்ணில் கத்தி வைக்கக்கூடாது என்பது முதலாளியின் ஏற்பாடு. கருவிழியை வெட்டாதவரை மேகம் ஏது? ஊர் அதை வெள்ளைக்கண் பெஞ்சு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது, கூப்பிட்டதோடு சரி.

அந்தப் பெஞ்சில் ஐந்தாவதாக உட்கார மாட்டேன் என்று சொன்னவள்தான் பாவாத்தாள்.

பாவாத்தாளுக்கு நாற்பத்தொரு வயது. புருஷன் இல்லை. தம்பி குடும்பத்தோடு ஒரே ஓட்டு வீட்டில் இருந்தாள். தம்பி லாரியில் வடக்கே போய்விட்டால் இருபது நாள் வரமாட்டான். வீட்டில் தம்பி பெண்டாட்டி வசந்தமணியும் அவளுடைய ஏழு மாதப் பெண்குழந்தையும்தான். தை மாதத்தில் ஒரு மத்தியானம் கிரஷர் வாயில் கல் தள்ளிக்கொண்டிருந்தபோது அரிசி அளவு சல்லி ஒன்று தெறித்துப் பாவாத்தாளின் வலது கண்ணில் பட்டது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மேஸ்திரி சென்னியப்பன் வழக்கம்போல சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டான். அந்தச் சொட்டு விட்டால் அரைமணி நேரத்தில் சிவப்பு போய்விடும், வலி அடங்கிவிடும், ஆள் வேலைக்குத் திரும்பிவிடும். கிரஷரில் அந்த பாட்டிலின் சொட்டு விழாத கண்ணே கிடையாது. "ஊட்டுக்குக் கொண்டுபோயி மூணு வேளை போட்டுக்க" என்று புதுசாக ஒன்றை டப்பாவோடு கொடுத்தும் அனுப்பினான்.

பத்தாம் நாள் எரிச்சல் தாங்காமல் அவள் புரண்டபோது, வசந்தமணி தன் மார்பிலிருந்து இரண்டு சொட்டுப் பால் பீய்ச்சி அந்தக் கண்ணில் விட்டாள். அங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். இருபதாம் நாள் கண் அவித்த முட்டைபோல வெளுத்தது.

ஆஸ்பத்திரிக்குச் சென்னியப்பனும் கூடவே வந்தான். கண்ணில் என்ன ஊற்றினீர்கள் என்று நர்சு கேட்டதும் இவள் வாயைத் திறக்கும் முன் அவன் முந்திக்கொண்டான். "தாய்ப்பாலுங். பொம்பளைங்க எங்கீங் சொன்னாக் கேக்கறாங்க?"

"வேற ஏதாவது ஊத்துனீங்களாம்மா?"

பாவாத்தாள் நினைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை பாலும் பச்சிலையும்தான் ஊற்றுவது. டப்பாவில், அச்சடித்த லேபிளோடு, மருந்துக்கடையிலிருந்து வந்தது மருந்து. மருந்தை யாராவது ஊற்றினேன் என்று சொல்வார்களா? நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'தாய்ப்பால்' என்று ஏறிவிட்டது.

நோட்டில் ஏறியது ஊருக்குள் இறங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாத்தியாள் கண்ணைத் தின்ற பால் என்று குழாயடியில் பேசினார்கள். பச்சைப்பிள்ளைக்காரிகள் வசந்தமணி வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தள்ளிப் போனார்கள். வசந்தமணி யாரையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சொட்டு தவறி அதன் கண்ணில் விழுந்துவிடுமோ என்று பயந்து, ஒரு துணியை மடித்துக் குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் மடியில் போட்டாள். அம்மா முகம் தெரியாமல் அந்தக் குழந்தை கைகளால் துழாவித் துழாவிப் பால் குடித்தது. பாவாத்தாளுக்குப் போன கண் வலித்ததைவிட இதைப் பார்த்த கண்தான் வலித்தது.

சென்னியப்பன் வீட்டுக்கே வந்தான். "மொதலாளி பெஞ்சுல எடம் போட்டுட்டாருங்க்கா. கண்ணைக் கிண்ணை நோண்டிக்கிட்டு இருக்காதீங். யோசனை பண்ணிப் பாருங், நாளைக்கு அந்த மேகம் வந்து இந்த வசந்தமணி தலைமேல நின்னுச்சுன்னா? மயிலைக்காளை கதையாட்டம் சாகற மட்டுமும் கூடவே வருமுங். ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

பாவாத்தாள் உரலில் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே பயம்தான். சல்லியா, பாலா, எது தன் கண்ணைத் தின்றதென்று அவளுக்கே தெரியாது. கத்தி வைக்காவிட்டால் வசந்தமணி பழியோடு இருப்பாள், ஆனால் மேகம் இராது. கத்தி வைத்து மேகம் அவள் தலையில் வந்து நின்றுவிட்டால் பழி சாசனமாகிவிடும்.

வசந்தமணிதான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நாத்தியாளைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க ஆப்பரேசன் பண்ணிக்கோங்க நங்கை. வந்தா வரட்டும். என்ற பால் கெட்டதுன்னா அதை ஆண்டவன் எழுதிக் காட்டட்டும், இவன் சொல்லக்கூடாது."

சென்னியப்பன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். பாவாத்தாள் மாவுக்கையைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் எழுதினாள்.

"மேகம் அவ தலைமேல வந்துருமாங் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணு நான் தாறேன் மக்கா. மேகம் எங்க போவும்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் திருப்பி விட மாட்டேன். என் மாடியில பதிமூணு நின்னுது, நான் ஓடிட்டேனா?"

பரமத்திப் பக்கம் இறந்துபோன ஒரு பஸ் கண்டக்டரின் கண் வந்தது. பங்குனி பிறந்து மூன்றாம் நாள் பாவாத்தாளின் வெளுத்த கருவிழியை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். அது எழும்பியது, ஜன்னல் வழியே போனது, ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனது. கிரஷர் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்தவர்கள் பாதிப்பேர். அது திரும்பவில்லை. நேரே பாவாத்தாளின் ஓட்டு வீட்டுக்குமேல் போய், முறத்தைக் கவிழ்த்ததுபோல நின்றது.

சென்னியப்பன் அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னானாம்.

வசந்தமணி நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தண்ணீருக்குக்கூட வரவில்லை, ஏனென்றால் ஒரு அடி வெளியே வைத்து, மேகமும் ஒரு அடி வைத்துவிட்டால்? வேலிக்கு வெளியே ஆட்கள் வேலையற்றுப்போய் உட்கார்ந்து, எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணைக் கட்டிய குழந்தை துழாவிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் பாவாத்தாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பல்லைக் குத்திக்கொண்டிருந்த சென்னியப்பனையும் பார்த்தாள். உள்ளே போய் வசந்தமணியின் கையைப் பிடித்தாள்.

"வா வெளிய."

"வேண்டாமுங் நங்கை. கூட வந்துருமுங்."

"வந்தா ரெண்டு பேரும் அது நெழல்லயே நடப்போம். எனக்கும் வெயில் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. வா."

இரண்டு பேரும் குழந்தையோடு படியிறங்கினார்கள். வாசலைத் தாண்டினார்கள், வேலியைத் தாண்டினார்கள், கூட்டம் இவர்களைப் பார்க்காமல் மேலே பார்த்தது. குழாயடி வரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பிப் பார்த்தார்கள். மேகம் நகரவே இல்லை. வீட்டுக்குமேலேயே நின்றது.

வசந்தமணி தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாலு நாளாக வேடிக்கை பார்த்த பெண்களும் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள், துடைக்கும்போது அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"அப்பொ எதும்மேல நிக்குது?" என்று கேட்டாள் பாவாத்தாள், மேகத்தையே கேட்பதுபோல.

பிறகு நடந்ததைத்தான் ஊர் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. தெருவே திரண்டு அந்த வீட்டைக் காலி செய்தது. அரிசிப் பானையை வெளியே கொண்டுவந்தார்கள், மேகம் அசையவில்லை. அம்மியைப் பெயர்த்து உருட்டி வந்தார்கள், தலையணையைக் கொண்டுவந்தார்கள், வெள்ளாட்டைக் கயிற்றோடு இழுத்துவந்தார்கள், சாமி படத்தைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழற்றி வந்தார்கள். மேகம் எதையும் சட்டை செய்யவில்லை. கடைசியில் வீட்டுக்குள் ஒன்றுமே மிச்சமில்லை, சுவர் மாடத்தில் ஒரு சின்ன டப்பாவைத் தவிர. அதையும் ஏன் விடவேண்டும் என்று பாவாத்தாள் உள்ளே போய் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேகம் அவளோடு படியிறங்கியது.

அவள் இரண்டடி நடந்தாள், அது இரண்டடி வந்தது. டப்பாவை வலதுகையிலிருந்து இடதுகைக்கு மாற்றினாள், அதுவும் இடப்பக்கம் சாய்ந்தது. சென்னியப்பன் பல்குச்சியைத் துப்பிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினான்.

கிரஷருக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் அதை நீட்டினாள். சுகிர்தம் லேபிளைப் படித்தார், முகம் கறுத்தது. "செவப்பை மட்டும் தொடச்சுக் காட்டிட்டு, அடியில பூஞ்சையை உரம் போட்டு வளக்குத மருந்து இது. அந்தக் கல்லுக்காயம் தானா ஆறியிருக்கும் மக்கா. இதை ஊத்துனதை ஏன் சொல்லல நீ?"

"மருந்துன்னு நெனச்சேனுங்."

டாக்டர் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, தாய்ப்பால் என்பதைத் தன் கையாலேயே அடித்து, மருந்து போட்டாயா என்று நர்சு கேட்காததைத் திருத்தாமல் விட்டது தன் தப்பு என்று சொல்லி, மருந்தின் பெயரையும் அது வந்த இடத்தையும் எழுதினார். இதற்கும் ஒரு மேகம் வந்து நிற்கிறதா என்று ஆஸ்பத்திரி மாடியை அண்ணாந்து பார்த்தும் கொண்டார்.

பாவாத்தாள் கிரஷருக்கு நடந்தாள். பின்னால் வசந்தமணி, அவளுக்குப் பின்னால் தெரு, தெருவுக்குப் பின்னால் ஊர், எல்லோருக்கும் முன்னால் அவள் தலைக்குமேல் அவளுடைய கண்ணிலிருந்து வந்த மேகம். கேட்டைத் திறக்கிறவர் கேட்காமலே திறந்தார். அவள் மேஸ்திரி மேஜைக்குப் போய் டப்பாவை வைத்தாள்.

"உங்க சாமான் எங்கூட்டுல கெடந்துச்சு. கொண்டாந்துட்டேன்."

மேகம் ஆபீஸ் தகரக் கூரைக்குமேல் வந்து உட்கார்ந்தது. கிரஷர் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வானத்தில் நின்ற முதல் மேகம். முன்பே வண்டியில் வந்து சேர்ந்திருந்த சென்னியப்பன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், மேகமும் அவனோடு ஓடியது. லாரியைச் சுற்றினான், அதுவும் சுற்றியது. சல்லிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தான், அது குனிந்து பார்ப்பதுபோலத் தாழ்ந்து நின்றது. நூற்றுப்பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள், பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள், அவர்கள் சிரித்து ஊர் பார்த்ததில்லை. கடைசியில் அவன் வேறு வழியில்லாமல் டப்பாவை ஓடுகிற கிரஷர் வாய்க்குள் எறிந்தான். இயந்திரம் அதைக் கல்லோடு கல்லாக அரைத்துப் பொடியாக்கித் துப்பியது, பொடி தூசியில் கலந்து குவியலிலும் கூரையிலும் லாரியிலும் முதலாளியின் வெள்ளைக் காரிலும் படிந்தது. முறம் அளவு இருந்த மேகம் அந்தப் பொடி போன இடமெல்லாம் விரிந்தது. கிரஷர் முழுக்க நிழலானது. இனி எந்த அதிகாரி எந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தாலும் தப்ப முடியாது.

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் தண்ணீர் ஊற்றுகிறவள் முதலில் எழுந்தாள். "ஏனக்கா, அந்த டாக்டரம்மா நாளைக்கு இருக்குமா? எனக்கும் ஒரு சீட்டுப் போடச் சொல்லோணும்" என்றாள். டோக்கன் கொடுக்கிறவர் எழுந்தார். கேட்டுக்காரர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். உட்கார்ந்திருப்பதையே வேலையாகக் கொண்டவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் நாலு மேகம் பாக்கி இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் உரக்கச் சொன்னார்.

பெஞ்சு காலியானது. பசியில் குழந்தை சிணுங்கியது. வசந்தமணி அந்தப் பெஞ்சில், எல்லோரும் பார்க்க, நடுவில் போய் உட்கார்ந்தாள். குழந்தையின் கண்ணைக் கட்ட இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தாள், ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள், பிறகு பெஞ்சில் தூசி தட்டுவதற்குப் பாவாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டாள். அது கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பால் குடித்தது.